காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி: படிவம் 1 போகப் பயப்படும் மகளுக்கு என்ன செய்வது?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகளுக்கு வயது 13. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடமும் சிரித்துக்கொண்டே போனவள். ஜனவரியில் டவுனில் இருக்கும் இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 சேர்ந்தாள். மூன்றாவது வாரத்திலிருந்து காலையில் வயிற்றுவலி, குமட்டல், சில நாள் வாந்தி. வேன் போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. சனி, ஞாயிறில் ஒன்றுமே இல்லை. செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை செய்யும் அப்பா, "நடிக்கிறா, ரோத்தான் (பிரம்பு) எடுத்தா சரியாயிடும்" என்கிறார். பாட்டி, யாரோ கண் வைத்துவிட்டார்கள், தாயத்துக் கட்டு என்கிறார். கொஞ்ச நாள் வீட்டில் விட்டுப் பார்க்கலாமா, இல்லை வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்பது கேள்வி.

தங்கச்சி, இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். ரோத்தானும் வேண்டாம். உங்கள் மகளுக்கு உண்மையாகவே வயிறு வலிக்கிறது. அதே சமயம், வீட்டில் இருக்க இருக்க அந்த வலி வளரத்தான் செய்யும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் பிடித்தவர்கள் பிள்ளையை அடிக்கிறார்கள், இல்லாவிட்டால் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். நான் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியையாகப் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். தோட்டத்திலிருந்து வரும் படிவம் 1 பிள்ளைகளிடம் வருடா வருடம் இதைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த வலி. பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், குடலுக்குப் போகும் இரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குத் திரும்பும். வயிறு கலங்கும், குமட்டும். பெரியவர்களுக்குக்கூட நேர்முகத் தேர்வுக்கு முன்னால் இதுதான் நடக்கிறது. வேன் போனதும் சரியாகிவிடுவதை வைத்து நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். பயந்த விஷயம் அன்றைக்கு இல்லை என்று ஆனதும் உடம்பு அடங்குகிறது, அவ்வளவுதான்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வேன் போனதும் வரும் நிம்மதியை மனம் குறித்து வைத்துக்கொள்கிறது: பள்ளிக்கூடம் ஆபத்து, வீட்டில் இருந்ததால் தப்பித்தேன் என்று. மறுநாள் பயம் இன்னும் சீக்கிரமாக, இன்னும் பலமாக வரும். கந்துவட்டிக்காரன் ஆ லோங்கிடம் வாங்கும் கடன் மாதிரிதான் இது, இன்றைக்குக் கையில் காசு, நாளைக்கு வட்டியோடு வாசலில் நிற்பான். பயம் தானாகவே இறங்கக்கூடியது. ஆனால் பயந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தால்தான் அது இறங்குவதைப் பிள்ளை தன் உடம்பிலேயே பார்க்க முடியும். வீட்டில் இருந்தால் அதைப் பார்க்க வாய்ப்பே இல்லை.

இதற்கிடையில் ஒரு தடவை கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார கிளினிக்) அழைத்துப்போய்க் காட்டிவிடுங்கள். சிறுநீர்த் தொற்று இருக்கிறதா, காலையில் சாப்பிடாமல் போவதால் கேஸ்ட்ரிக்கா, மாதவிலக்கு வலியா என்று பார்க்கட்டும். பலகை எழுத்து தெரியவில்லையா என்றும் கேளுங்கள். கண்ணாடி தேவைப்படும் பிள்ளை பின்வரிசையில் உட்கார்ந்து தினமும் திட்டு வாங்குவது உண்டு. ஒரு தடவை நன்றாகப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் அதோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு வலிக்கும் ஒரு கிளினிக் என்று அலைந்தால், எனக்குப் பெரிய நோய் இருக்கிறது என்று பிள்ளையே நம்பிவிடும்.

அப்புறம் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள், இது பொந்தேங் இல்லை, அதாவது பள்ளிக்கு மட்டம் போடுவது இல்லை. பொந்தேங் போடுகிற பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் போடும், பேருந்து நிலையத்திலோ சைபர் கஃபேயிலோ இருக்கும், அதற்கு வயிறும் வலிக்காது. உங்கள் மகள் உங்கள் கண் முன்னால் வீட்டில் இருக்கிறாள், போக முடியவில்லையே என்று அழுகிறாள். பொந்தேங்குக்குச் செய்வதை இதற்குச் செய்தால் நோய் ஒன்று, மருந்து ஒன்று ஆகிவிடும்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போக மறுப்பதை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டோபர் கியர்னி, அதற்கான காரணங்களை நான்காகப் பிரிக்கிறார். பள்ளியில் இருக்கும் ஏதோ ஒன்று பயத்தையோ மனக்கஷ்டத்தையோ தருகிறது. அல்லது நாலு பேர் முன்னால் பேசுவது, வாசிப்பது, தேர்வு எழுதுவது பயமாக இருக்கிறது. அல்லது அம்மாவை விட்டுப் பிரிய முடியவில்லை. அல்லது வீட்டில் இருப்பது பள்ளியைவிடச் சுகமாக இருக்கிறது, டிவி, போன், தூக்கம் என்று. பல பிள்ளைகளுக்கு இதில் இரண்டு மூன்று கலந்திருக்கும். முதல் காரணத்தில் ஆரம்பித்து, வீட்டில் இருந்து பழகப் பழக நான்காவதும் ஒட்டிக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். எது என்று தெரிந்தால்தான் எங்கே கை வைப்பது என்று தெரியும்.

உங்கள் மகள் விஷயத்தில் முதல் இரண்டும்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் எங்கிருந்து எங்கே போயிருக்கிறாள் என்று பாருங்கள். மலேசியாவில் 150 பேருக்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கணக்கில் வைக்கிறார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பல அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. வகுப்புக்குப் பத்துப் பதினைந்து பேர். ஆசிரியருக்கு அவள் பாட்டியையே தெரியும். சபைகூடலில் தமிழில் பேசினார்கள், கணக்கையும் அறிவியலையும் தமிழில் படித்தாள். ஒரே டிசம்பர் விடுமுறையில் அதெல்லாம் முடிந்துவிட்டது. இப்போது ஆயிரம் பேர் உள்ள பள்ளி. வகுப்பில் முப்பத்தைந்து முகம், பாடத்துக்குப் பாடம் வேறு ஆசிரியர், வரலாறும் அறிவியலும் மலாயில். UPSR தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள், அதனால் ஆறாம் ஆண்டு முடிவில் நாடு முழுக்க ஒரே நாளில் எழுதும் ஒரு பெரிய தேர்வு என்ற பழக்கம்கூட இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைதான் இதில் அதிகம் அடிபடும். தமிழ்ப்பள்ளியில் முதல் ஆளாகக் கை தூக்கிய பிள்ளை, இங்கே பதில் தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறது. அது சின்ன அவமானம் இல்லை.

இன்றைக்குச் சாயந்திரம் ஒரு வேலை செய்யுங்கள். பள்ளிக்குப் போன நாளாக இருந்தால், பையிலிருந்து அவள் தண்ணீர் புட்டியை எடுத்துத் தூக்கிப் பாருங்கள். காலையில் நிரப்பிக் கொடுத்த கனத்திலேயே இருந்தால், அவள் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லை. ஏன் குடிக்கவில்லை? குடித்தால் கழிவறை போகவேண்டும். போகவேண்டும் என்றால் கை தூக்கி, முப்பத்தைந்து பேர் முன்னால், "சிக்கு, போலே சாயா பெர்கி தண்டாஸ்?" என்று கேட்கவேண்டும். உச்சரிப்பைக் கேட்டு யாராவது சிரித்திருப்பார்கள். கேட்டுப் போனாலும் அங்கே பெரிய பிள்ளைகள் கும்பலாக நிற்பார்கள், கதவில் தாழ்ப்பாள் இருக்காது. மாதவிலக்கு நாளாக இருந்து, வெள்ளைச் சட்டையும் வெளிர் நிறப் பாவாடையும் போட்டிருந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். என் அறைக்கு வயிற்றுவலி என்று வந்த பெண் பிள்ளைகளில் பலருக்குப் பயம் பாடத்தில் இல்லை, கழிவறையில் இருந்தது. அதை எந்தப் பிள்ளையும் தானாகச் சொல்லாது. வயிறு வலிக்குது என்றுதான் சொல்லும்.

புட்டி மாதிரியே பார்க்க இன்னும் சில உண்டு. கொடுத்த கைச்செலவுக் காசு செலவாகாமல் திரும்பி வருகிறதா? அப்படியென்றால் ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்கே போவதில்லை, எங்கேயோ தனியாக நிற்கிறாள். காசு போகிறது, ஆனால் பசியோடு வருகிறாளா? அப்படியென்றால் யாரோ பிடுங்கிக்கொள்கிறார்கள். எந்தக் கிழமை வலி அதிகம் என்று நாள்காட்டியில் குறித்து வையுங்கள். திங்கள் என்றால் சபைகூடலாக இருக்கலாம். புதன் மட்டும் என்றால் அன்றைய பாட அட்டவணையைப் பாருங்கள், உடற்கல்விக்கு உடை மாற்றவேண்டிய நாளா, சத்தம் போடும் ஆசிரியரின் பாடமா என்று. வேனிலேயே ஏதாவது நடக்கிறதா என்பதையும் மறக்காதீர்கள். வேனில் பெரியவர் யாரும் கவனிக்காத அரைமணி நேரம் அது.

கேட்பது எப்படி என்று சொல்கிறேன். காலையில் கேட்காதீர்கள். காலை ஆறு மணிக்கு "என்னதான் உன் பிரச்சனை, சொல்லு" என்றால் பிள்ளையிடம் பதில் இருக்காது, அழுகைதான் இருக்கும். சாயந்திரம், கை வேலையாக இருக்கும்போது கேளுங்கள். கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது, இரவுச் சந்தைக்கு நடந்து போகும்போது. முகத்துக்கு நேராக உட்கார வைத்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும். "ஏன் போகமாட்டேங்குற" என்று கேட்காமல், "ஸ்கூல்ல எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு? காலையிலயா, ரெஸ்ட்லயா, திரும்பி வரும்போதா?" என்று கேளுங்கள். ஏன் என்பதற்குப் பிள்ளைக்கே விடை தெரியாது. எப்போது என்று கேட்டால் சொல்லிவிடும். சொன்னதும் உடனே ஆலோசனை சொல்லாதீர்கள். "அப்படியா, அது கஷ்டம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீரையை ஆயுங்கள். மிச்சம் தானாக வரும்.

காரணம் மொழி என்று தெரிந்தால், உடனே மலாய் டியூஷனில் சேர்க்க ஓடவேண்டாம். டியூஷன் நல்லதுதான், பலன் தர ஆறு மாதமாகும். அவளுக்கு நாளைக்கே தேவைப்படுவது ஏழெட்டு வாக்கியம். கழிவறை போக அனுமதி கேட்பது. "சிக்கு, சாயா தா பஹாம்" என்று புரியவில்லை என்று சொல்வது. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்பது. சிற்றுண்டிச்சாலையில் மீ கோரேங் ஒன்று கேட்டு மீதிக்காசு வாங்குவது. உடம்பு சரியில்லை என்று சொல்வது. யாராவது தொந்தரவு செய்தால் ஆசிரியரிடம் சொல்வது. இதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். பாட்டி ஆசிரியராக நாற்காலியில் உட்காரட்டும், மகள் கை தூக்கிக் கேட்கட்டும். தோட்டத்தில் படிவம் 3, படிவம் 4 படிக்கும் அக்கா ஒருத்தி இருந்தால் அவளைக் கூப்பிட்டுப் பேசிப் பழக வையுங்கள். பெரியவர்கள் நாம் சொல்லிக் கொடுப்பதைவிட அது மேல். அந்த அக்காவே பள்ளியில் கழிவறை வாசல்வரை கூட வரவும் செய்வாள்.

இப்போது பள்ளி. மகளைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் நீங்களோ அவள் அப்பாவோ தனியாக ஒரு தடவை போய்ப் பேசவேண்டும். வகுப்பாசிரியரையும் ஆலோசக ஆசிரியரையும் பாருங்கள். பிலிக் கவுன்செலிங் (ஆலோசனை அறை) எங்கே என்று அலுவலகத்தில் கேட்டால் காட்டுவார்கள். தமிழ்மொழிப் பாடம் நடத்தும் ஆசிரியர் இருந்தால் அவரையும் பிடியுங்கள். பல இடைநிலைப்பள்ளிகளில் அவர்தான் நம் பிள்ளைகளுக்குப் பாதிப் பெற்றோர். தமிழ் வகுப்பே இல்லை என்றால், குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் ஏற்பாடு செய்யவேண்டும் என்று கல்விச் சட்டத்தில் இருக்கிறது, கேளுங்கள். பள்ளிக்குப் போய்ப் பேச நமக்குக் கூச்சம் இருக்கிறது, தெரியும். அவர்கள் மலாயில் வேகமாகப் பேசுவார்கள், நாம் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மகள் ஒழுங்கில்லாமல் வராமல் இருக்கவில்லை, பயத்தால் வர முடியவில்லை, படிப்படியாகக் கொண்டுவரப் பார்க்கிறோம், உங்கள் உதவி வேண்டும். இவ்வளவுதான் செய்தி. இதைச் சொல்லாமல் விட்டால், வராத நாட்களுக்கு எச்சரிக்கைக் கடிதம்தான் வரும். கட்டொழுங்கு ஆசிரியர் கைக்குப் போனபிறகு பேசுவதைவிட முன்னாலேயே பேசுவது நல்லது.

அவர்களிடம் கேட்கவேண்டியது பெரிய சலுகை எதுவும் இல்லை. காலையில் வாசலில் ஒரே ஆள், தினமும் அதே ஆள், அவளைப் பார்த்துக் கூட்டிப்போகவேண்டும். பாட நேரத்தில் கை தூக்காமலே கழிவறை போக ஒரு அட்டை கொடுக்கலாம், மேசையில் வைத்துவிட்டுப் போவாள். பயம் மிஞ்சினால் பத்து நிமிடம் பிலிக் கவுன்செலிங்கில் உட்கார்ந்துவிட்டு வகுப்புக்குத் திரும்ப அனுமதி. வீட்டுக்கு இல்லை, வகுப்புக்கு. கொஞ்ச நாளைக்கு எழுந்து நின்று வாசிக்கச் சொல்லவேண்டாம். தெரிந்த பிள்ளை ஒருத்தி பக்கத்தில் உட்கார இடம் மாற்றிக் கொடுக்கட்டும்.

அப்புறம் படிப்படியாக ஏற்றவேண்டும். முதல் படி, சாயந்திரம் பள்ளி காலியாக இருக்கும்போது அனுமதி கேட்டு அவளோடு உள்ளே நடந்து பாருங்கள். வகுப்பு, கழிவறை, சிற்றுண்டிச்சாலை, பிலிக் கவுன்செலிங், நான்கும் எங்கே இருக்கிறது என்று பயமில்லாத நேரத்தில் பார்க்கட்டும். அடுத்தது, உடுப்பு போட்டு வாசல்வரை போய், உள்ளே பிலிக் கவுன்செலிங்கில் ஓய்வு நேரம்வரை இருப்பது. பிறகு அவளுக்குப் பிடித்த இரண்டு பாடம். தமிழ், கணக்கு என்று எதுவாக இருந்தாலும் சரி. பிறகு ஓய்வு நேரம், அந்த அக்காவோடு. பிறகு முழு நாள். திங்கள் சபைகூடலைக் கடைசியாக வையுங்கள். ஒவ்வொரு படியிலும் வயிறு வலிக்கத்தான் செய்யும். வலி இல்லாமல் போகிற நாளுக்குக் காத்திருந்தால் அந்த நாள் வராது. வலியோடு போய், உட்கார்ந்து, அது இறங்குகிறதைப் பார்த்துவிட்டு வரட்டும். ஒரு படி இலேசாகிவிட்டது என்று அவளே சொன்னதும் அடுத்த படி. நடுவில் ஒருநாள் கீழே வந்தால் பரவாயில்லை, மறுநாள் அந்தப் படியிலேயே தொடருங்கள், முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இன்னொரு விஷயம், திரும்பப் போவதைத் திங்களில் தொடங்காதீர்கள், வியாழனில் தொடங்குங்கள். இரண்டு நாள் போனால் சனி வந்துவிடும் என்பது பிள்ளைக்குத் தாங்கும்படி இருக்கும். ஐந்து நாள் முன்னால் மலையாக நிற்காது.

காலை நேரத்தைப் பேச்சில்லாமல் நடத்துங்கள். பை, உடுப்பு, காலணி எல்லாம் முதல்நாள் இரவே தயாராக இருக்கட்டும். எழுந்ததும் சாப்பிட முடியவில்லை என்றால் ரெண்டு பிஸ்கட்டும் கொஞ்சம் மைலோவும் போதும், வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள். வயிறு வலிக்குதும்மா என்றால், "ஒண்ணுமில்ல" என்று சொல்லாதீர்கள், அவளுக்கு இருக்கிறது. "தெரியுதும்மா, வலிக்குது. உள்ள போய்க் கொஞ்ச நேரத்துல இறங்கிடும், நேத்தும் அப்படித்தானே" என்று ஒரே தடவை சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்பாள், நீங்கள் திரும்பத் திரும்பச் சமாதானம் சொன்னால் கேட்பது கூடும். வாசலில் விடைபெறுவது சுருக்கமாக இருக்கட்டும். நீங்கள் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், அம்மாவுக்கே பயம், அப்போ ஆபத்துதான் என்று அவள் மனம் கணக்குப் போட்டுவிடும்.

இதில் அப்பாவுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். அம்மாவைவிட அப்பாவிடமிருந்து பிரிவது பல பிள்ளைகளுக்குச் சுலபம். காலையில் அவர் வீட்டில் இருக்கும் ஷிப்ட் வாரத்தில் வேனை விட்டுவிட்டு அவரே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடட்டும். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: ரோத்தான் எடுத்தால் இரண்டு நாள் போவாள், மூன்றாம் நாள் பள்ளியோடு சேர்த்து வீட்டுக்கும் பயப்படுவாள், அதற்குப்பிறகு என்ன நடந்தாலும் உங்களிடம் சொல்லமாட்டாள். பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளை அப்பாவிடம் எதையும் சொல்லமாட்டேன் என்று முடிவெடுப்பது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவரும் பயத்தில்தான் கோபப்படுகிறார். நாம் பால்மரம் வெட்டிய குடும்பம், இவளாவது படித்து மேலே வரவேண்டுமே என்ற பயம் அது. அந்த அக்கறையை மோட்டார் சைக்கிளில் காட்டட்டும்.

பாட்டி விபூதி வைத்துவிடட்டும், மாரியம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போகட்டும், தாயத்தும் கட்டட்டும், அதில் எந்தக் கெடுதலும் இல்லை. பாட்டியின் கையால் வைத்த விபூதியோடு தைரியமாகப் போகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் யாரோ செய்துவிட்டார்கள், கண் பட்டுவிட்டது என்ற பேச்சைப் பிள்ளை காதில் விழும்படி பேசவேண்டாம் என்று அன்பாகச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பயம் ஒன்றே போதும், அதோடு பேய் பயமும் சேரவேண்டாம்.

எவ்வளவு முயன்றும் ஒருநாள் போகாமல் இருந்துவிட்டால், அந்த நாள் பள்ளிக்கூட நாளாகவே நடக்கவேண்டும். வழக்கமான நேரத்துக்கு எழுந்து, குளித்து, புத்தகத்தோடு மேசையில். பள்ளி விடும் நேரம்வரை போனும் டிவியும் இல்லை, படுக்கையும் இல்லை. தண்டனையாகச் செய்யாதீர்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள், சாதாரணமாக இருங்கள். பாட்டி பாவம் பார்த்து ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து நாடகம் பார்க்கப் பக்கத்தில் உட்கார வைத்தால் நான்காவது காரணம் உள்ளே வந்துவிடும். ரொட்டி சானாயை முடிந்தவரை போய்விட்டு வந்த நாளுக்கு வையுங்கள். அப்புறம் எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சான்று விஷயம். கேட்டால் எம்.சி. கொடுக்கும் கிளினிக் எல்லா டவுனிலும் உண்டு. உண்மையான காய்ச்சலுக்கு வாங்குங்கள். பயத்துக்கு வாங்கினால் எச்சரிக்கைக் கடிதம் வராது, ஆனால் பயத்துக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தது போலாகிவிடும்.

பகடிவதை என்று தெரிந்தால் பேச்சே வேறு. யாரோ அடிக்கிறார்கள், காசு பிடுங்குகிறார்கள், நிறத்தையோ இனத்தையோ சொல்லிக் கேவலப்படுத்துகிறார்கள், போனில் படம் அனுப்பி மிரட்டுகிறார்கள் என்றால், அவளைப் பழகிக்கொள்ளச் சொல்லாதீர்கள். அங்கே மாறவேண்டியது அவள் இல்லை. என்ன, எங்கே, எப்போது, யார் பார்த்தார்கள் என்று தேதியோடு எழுதுங்கள். போன் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். முதல்வருக்குக் கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு பிரதியில் முத்திரை வாங்குங்கள். பள்ளி அசையவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலகம். காயம் பட்டிருந்தால் போலீஸ் புகார், மருத்துவமனைச் சான்று. பள்ளி மாற்றம் என்பது இந்த இடத்தில் நியாயம், புகார் கொடுத்தும் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை என்றால் மாற்றுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் வெறும் பயத்துக்காக மாற்றினால், பயம் பையோடு கூடவே போகும். புதுப் பள்ளியில் முதல் வாரம் நன்றாக இருக்கும், பிறகு இங்கே நடந்தது அங்கேயும் நடக்கும், இப்போது அந்த அக்காவும் கூட இருக்கமாட்டாள்.

இந்தப் படிகளை இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை என்றால், அல்லது தூக்கம் கெட்டு, எடை குறைந்து, தோழிகளோடும் பேசாமல் ஒதுங்கினால், கிளினிக் கெசிஹாத்தானில் சொல்லி மேல் சிகிச்சைக்குக் கடிதம் கேளுங்கள். உங்கள் பக்கத்தில் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இப்படிப்பட்ட பயத்துக்கு முதலில் தருவது மாத்திரை இல்லை, அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற பேச்சுமுறைச் சிகிச்சை. மேலே சொன்ன படிகளைத்தான் அவர்கள் பயிற்சியோடு செய்வார்கள். மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவர் சொல்வார், அதற்கும் பயப்படவேண்டாம். மனநலம் என்றதும் பேராக்கில் எல்லார் வாயிலும் தஞ்சோங் ரம்புத்தான் என்றுதான் வரும். அங்கே 1911-இல் திறந்த மனநல மருத்துவமனையால் அந்த ஊர்ப் பெயரையே நாம் வசவாக ஆக்கிவைத்திருக்கிறோம். அந்தப் பேச்சுக்குப் பயந்து வருடக்கணக்கில் பிள்ளையை வீட்டுக்குள் வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் இழந்த வருடங்களை அப்படிப் பேசியவர்கள் யாரும் திருப்பித் தரவில்லை.

செத்துப்போகலாம் போல இருக்கிறது என்ற சொல் வந்தால், கையைக் கீறிக்கொண்டதைப் பார்த்தால், படிகள் எல்லாம் அப்புறம். அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், தனியாக விடாதீர்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. தாலியான் காசே 15999. பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. இந்த எண்களைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தால் தப்பில்லை.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. அவள் ஒழுங்காகப் போக ஆரம்பித்து, நீங்களும் மறந்துபோன நேரத்தில் ஒரு பள்ளி விடுமுறை வரும். அது முடியும் ஞாயிறு இரவு வயிற்றுவலி திரும்ப வரும். பழையபடி ஆகிவிட்டது என்று இடிந்துபோகாதீர்கள், நீண்ட இடைவெளிக்குப் பிறகு இது வரத்தான் செய்யும். விடுமுறையின் கடைசி மூன்று நாள் பள்ளி நேரத்துக்கே எழுப்புங்கள், ஒருநாள் மோட்டார் சைக்கிளில் பள்ளி வாசல் வழியாக ஒரு சுற்று வாருங்கள், வகுப்பாசிரியருக்கு ஒரு செய்தி அனுப்பி முதல்நாள் வாசலில் நிற்கச் சொல்லுங்கள். அந்தத் திங்கட்கிழமை மட்டும் எப்படியாவது போய்விட்டாள் என்றால், செவ்வாய் பாதிக் கஷ்டம்தான்.